குடற் சீதச்சவ்வுப் பிறபொருளெதிரிகள்

குடற் சீதச்சவ்வுப் பிறபொருளெதிரிகள் என்பவை குடலின் சுவரில் உருவாகி, அச்சுவரைக் கடந்து குடலின் உட்புழைக்குள் சுரக்கப்படும் பாதுகாப்புப் புரதங்கள் ஆகும். இவற்றுள் மிகப் பெரும்பகுதி இம்யூனோகுளோபுலின் ஏ (சுருக்கமாக ஐஜிஏ) என்னும் வகையைச் சேர்ந்தது. உணவோடும் நீரோடும் உட்புகும் நோய்க்கிருமிகளைச் சுவரைத் தொடுமுன் பற்றிக்கொள்வதும், குடலில் நிலையாக வாழும் பாக்டீரியாக்களை எட்ட நிறுத்தி வைப்பதும் இவற்றின் பணிகளாகும். அழற்சியைத் தூண்டாமலேயே காவல் புரிவது இவற்றின் தனித்தன்மை.

இப்பாதுகாப்பு பிறக்கும்போதே முழுமையாக அமைவதன்று. ஒருவர் வாழும் ஊரின் நீரிலும் உணவிலும் உள்ள கிருமிகளைச் சந்தித்துச் சந்தித்தே குடல் இதைக் கற்றுக்கொள்கிறது. எனவே இது பெருமளவு இடத்தைச் சார்ந்தது. குற்றாலம் போன்ற இடங்களுக்கு வரும் வெளியூராருக்குச் சில நேரம் 'தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல்' போவது, 1992இல் சென்னையில் தோன்றிய புதுவகைக் காலரா பெரியவர்களையும் தாக்கியது, வேலூர்க் குழந்தைகளிடம் வாய்வழித் தடுப்பு மருந்துகள் எதிர்பார்த்த பயனைத் தராதது ஆகியவற்றை விளங்கிக்கொள்ள இந்த இயல்பு உதவுகிறது.

அமைப்பும் அளவும்

குருதியிலுள்ள ஐஜிஏ பெரும்பாலும் தனி மூலக்கூறாகக் காணப்படும். குடலில் சுரக்கப்படுவதோ இரண்டு மூலக்கூறுகள் வாலோடு வால் இணைந்த இரட்டை வடிவம் ஆகும். இவ்விரண்டையும் இணைக்கும் சிறு புரதம் ஜே சங்கிலி எனப்படும். இரட்டை வடிவத்திற்குப் பற்றும் இடங்கள் நான்கு இருப்பதால், ஒரே மூலக்கூறு இரண்டு பாக்டீரியாக்களை ஒருசேரப் பிடித்துக்கொள்ள இயலும். இதன்மேல் சுரப்புக்கூறு என்னும் மற்றொரு புரதம் சுற்றிக்கொண்டு, குடலிலுள்ள செரிமான நொதிகள் இதைச் சிதைக்காமல் காக்கிறது. இறைச்சிப் புரதத்தையே கரைக்கும் சூழலில் ஒரு புரதம் சிதையாமல் வேலை செய்வதற்கு இந்த உறையே காரணம்.

மனிதரில் ஐஜிஏ1, ஐஜிஏ2 என இரு துணைவகைகள் உள்ளன. முதலாவதன் நடுப்பகுதி நீண்டது. சில பாக்டீரியாக்கள் சுரக்கும் நொதிகள் அதை வெட்டிவிடும். இரண்டாவதன் நடுப்பகுதி குறுகியது, எளிதில் வெட்டுப்படாதது. பாக்டீரியாக்கள் மிகுந்த பெருங்குடலில் ஐஜிஏ2இன் பங்கு கூடுதலாக இருக்கிறது.

வளர்ந்த ஒருவரின் குடலுக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 முதல் 5 கிராம் வரை ஐஜிஏ சுரக்கிறது. உடல் உருவாக்கும் ஏனைய பிறபொருளெதிரிகள் அனைத்தையும் கூட்டினாலும் இவ்வளவு வராது. பிறபொருளெதிரிகளை உருவாக்கும் பிளாஸ்மா உயிரணுக்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு குடற்சுவரிலேயே உள்ளன. காக்க வேண்டிய பரப்பும் பெரியது. குடலின் உட்பரப்பு ஒரு டென்னிசு ஆடுகளத்திற்கு ஒப்பானது என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் மீண்டும் அளந்து, அது ஏறத்தாழ 32 சதுர மீட்டர் என மதிப்பிட்டனர். அதுவும் தோலின் பரப்பைப் போல் பல மடங்காகும்.

உருவாகும் விதம்

சிறுகுடலின் சுவரில் ஆங்காங்கே நிணநீர்த் திசுத் திட்டுகள் உள்ளன. சுவிட்சர்லாந்து மருத்துவர் யோகான் கொன்ராட் பேயர் 1677இல் இவற்றை விவரித்ததால் இவை பேயர் திட்டுகள் எனப்படுகின்றன. இத்திட்டுகளின் மேற்புறத்திலுள்ள எம் உயிரணுக்கள், குடலுக்குள் வரும் பாக்டீரியாக்களின் மாதிரிகளை எடுத்து உள்ளே கையளிக்கின்றன. அங்குள்ள பி உயிரணுக்கள் அவற்றை அடையாளம் கண்டு, டி உயிரணுக்களின் துணையோடு ஐஜிஏ உருவாக்கும் வகையாக மாறுகின்றன.

இதன்பின் நிகழ்வது ஒரு சுற்றுப்பயணம் ஆகும். மாறிய பி உயிரணுக்கள் நிணநீர்க் கணுக்கள் வழியாகக் குருதியில் கலந்து, உடலைச் சுற்றி, மீண்டும் குடற்சுவருக்கே வந்து தங்குகின்றன. திரும்பி வரவேண்டிய இடம் குடல்தான் என்னும் முகவரியை அவற்றின்மேல் பொறிப்பதில் உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து உண்டாகும் ரெட்டினோயிக் அமிலம் பங்கேற்கிறது. உயிர்ச்சத்து ஏ இல்லாத உணவில் வளர்த்த எலிகளின் சிறுகுடலில் ஐஜிஏ உயிரணுக்கள் மிகக் குறைந்து காணப்பட்டன. முருங்கைக்கீரையும் பப்பாளியும் கண்ணுக்கு நல்லவை என்று மட்டுமே பொதுவாகச் சொல்லப்படுகிறது. குடலுக்கும் அவை தேவை.

திரும்பி வந்த உயிரணுக்கள் பிளாஸ்மா உயிரணுக்களாக முதிர்ந்து இரட்டை ஐஜிஏ-வை வெளியிடுகின்றன. சுவரை மூடியுள்ள மேலணி உயிரணுக்கள் தம் அடிப்புறத்தில் அதைப் பற்றி, தம்மூடே கடத்தி, குடலின் உட்புழையில் விடுகின்றன. கடத்திய ஏற்பியின் ஒரு பகுதி வெட்டுப்பட்டு மூலக்கூறோடு ஒட்டியே செல்கிறது. மேலே கூறிய சுரப்புக்கூறு அதுவே.

குடலுக்குள் செயல்படும் முறை

சுரக்கப்பட்ட ஐஜிஏ பாக்டீரியாவை நேரடியாகக் கொல்வதில்லை. அது பாக்டீரியாவின் மேற்பரப்பை மூடி, குடற்சுவரை மூடியுள்ள சீதத்தோடு அதைச் சிக்கவைக்கிறது. சீதம் தொடர்ந்து கழிந்துகொண்டே இருப்பதால், சிக்கிய பாக்டீரியாவும் மலத்தோடு வெளியேறுகிறது. இது 'எதிர்ப்புவழி விலக்கல்' எனப்படும். நீந்துவதற்கு உதவும் கசையிழைகளில் ஐஜிஏ ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவால் சுவரை நோக்கி நகர முடியாது.

பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று மோதி, ஐஜிஏ-வால் ஒட்டப்பட்டுக் கட்டியாகின்றன என்பதே நெடுங்காலக் கருத்து. இதில் ஓர் ஐயம் இருந்தது. நோய்க்கிருமி முதலில் நுழையும்போது அதன் எண்ணிக்கை மிகக் குறைவு. கோடிக்கணக்கான பிற பாக்டீரியாக்களுக்கு நடுவே ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு சந்திப்பதே அரிது. சூரிக்கு ஆய்வாளர்கள் 2017இல் இதற்கு விடை கண்டனர். தடுப்பு மருந்து பெற்ற எலிகளின் குடலில் சால்மோனெல்லா பாக்டீரியா ஒன்று இரண்டாகப் பிரியும்போது, அவ்விரு சேய்களும் பிரிந்து செல்ல இயலாமல் ஐஜிஏ-வால் ஒட்டியே நின்றன. அவை மேலும் பெருகியபோது ஒரே தாயின் வழிவந்த கட்டியாக வளர்ந்து, அப்படியே வெளியேறின. கிருமி வேகமாகப் பெருகப் பெருக, தன்னையே கட்டிப்போட்டுக் கொள்கிறது எனலாம்.

நச்சுப்பொருள்களையும் ஐஜிஏ பிடிக்கிறது. காலராக் கிருமி குடற்சுவரைத் துளைத்து உள்ளே செல்வதில்லை. சுவரின்மேல் தங்கி, அது வெளியிடும் நச்சு மேலணி உயிரணுக்களில் ஒட்டுவதால்தான் நீர் பெருமளவில் வெளியேறுகிறது. ஒட்டும் இடத்தை ஐஜிஏ மறைத்துவிட்டால் நச்சு பயனற்றுப் போகும். சுவரைத் தாண்டி உள்ளே கசிந்துவிட்ட பொருள்களையும், வெளியே செல்லும் வழியில் ஐஜிஏ தன்னோடு சுமந்து சென்றுவிடும்.

அழற்சியைத் தவிர்த்தல்

மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016இல் மதிப்பிடப்பட்டது. இவற்றில் மிகப் பெரும்பான்மை பெருங்குடலில் உள்ளன. குருதியில் மிகுந்துள்ள ஐஜிஜி வகைப் பிறபொருளெதிரிகள் கிருமியைப் பற்றியவுடன் குருதியின் நிரப்பு முறைமையைத் தூண்டி, வெள்ளணுக்களை வரவழைக்கும். ஒரு முள் குத்திய இடம் சிவந்து வீங்குவது இத்தகைய செயலாலேயே. இதே முறை குடலில் நாள்தோறும் நடந்தால் குடற்சுவர் புண்ணாகிவிடும். சுரக்கப்படும் ஐஜிஏ நிரப்பு முறைமையின் வழக்கமான வழியைத் தூண்டுவதில்லை. ஆகவே வெள்ளணுக்களை அழைக்காமலே கிருமியை அகற்ற முடிகிறது.

எனினும் ஐஜிஏ படிந்த பாக்டீரியா எல்லாம் தீயது என்றோ, படியாதது எல்லாம் நல்லது என்றோ கொள்ள இயலாது. பாக்டிராய்டிசு பிராசிலிசு என்னும் இனம் ஐஜிஏ-வைப் பற்றுகோடாகக் கொண்டே சீதத்தில் நிலைகொள்கிறது என 2018இல் காட்டப்பட்டது. மறுபுறம், யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் குடல் அழற்சி நோயாளிகளிடமிருந்து ஐஜிஏ மிகுதியாகப் படிந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, கிருமியற்ற எலிகளுக்குச் செலுத்தினர். அவ்வெலிகளில் செயற்கையாகத் தூண்டிய பெருங்குடல் அழற்சி கடுமையாயிற்று. அதாவது, தொல்லை தரக்கூடியவற்றை உடல் முன்பே அடையாளமிட்டு வைத்திருந்தது. ஆனால் அடையாளமிடுவது மட்டும் எப்போதும் போதுமானதாக இல்லை.

சீம்பாலும் சேனையும்

கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் கிடைக்கிறது; ஐஜிஏ அவ்வழியே செல்வதில்லை. பிறந்த குழந்தையின் குடலும் முதல் சில வாரங்களில் மிகக் குறைவாகவே ஐஜிஏ சுரக்கும். இந்த இடைவெளியை நிரப்புவது தாய்ப்பால். முதிர்ந்த பாலில் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் ஐஜிஏ இருக்கும். பிறந்த முதல் சில நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் அதைப்போல் பல மடங்கு இருக்கும்.

இதில் கவனிக்கத்தக்கது, தாய்ப்பாலில் உள்ள ஐஜிஏ எந்தக் கிருமிகளுக்கு எதிரானது என்பதாகும். தாயின் குடலில் பயிற்சி பெற்ற பி உயிரணுக்களில் ஒரு பகுதி, பாலூட்டும் காலத்தில் மார்பகத்திற்குச் சென்று தங்குகிறது. எனவே தென்காசியில் வாழும் தாயின் பாலில், அவ்வூர் நீரிலும் உணவிலும் அவர் சந்தித்த கிருமிகளுக்கு எதிரான ஐஜிஏ இருக்கும். குழந்தை அடுத்துச் சந்திக்கப் போவதும் அதே கிருமிகளைத்தான். எந்தப் புட்டிப்பாலிலும் இந்தப் பொருத்தம் கிடைக்காது.

தமிழகத்தின் தென் மாவட்டங்களில் பிறந்த குழந்தைக்கு முதலில் சேனை வைக்கும் வழக்கம் உண்டு. குடும்பத்தில் மதிப்புக்குரிய ஒருவர் சருக்கரைத் தண்ணீரையோ வேறு இனிப்பையோ குழந்தையின் நாவில் தொட்டுவைப்பார்; சேனை வைத்தவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. சீம்பால் செரிக்காது என்று கருதிப் பீய்ச்சி ஊற்றிவிடும் வழக்கமும் பல இடங்களில் இருந்தது. குடற்பாதுகாப்பின் நோக்கில் இவ்விரண்டும் சேர்வது கேடானது. கிருமி உள்ளே செல்லக்கூடிய வழி திறக்கும் அதே நாளில் அதைத் தடுக்கும் பொருள் கீழே ஊற்றப்படுகிறது. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் ஊட்டவும், 6 மாதம் வரை தண்ணீர் உட்பட வேறெதுவும் கொடாதிருக்கவும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

வங்காளதேசத்தில் நடந்து 1983இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. காலராக் கிருமிக்கு எதிரான ஐஜிஏ மிகுந்த பாலைக் குடித்த குழந்தைகளின் குடலிலும் கிருமி குடியேறியது. ஆனால் அவர்களுக்கு நோய் வருவது குறைந்திருந்தது.

ஊர்த் தண்ணீர்: குற்றாலமும் தென்காசியும்

குற்றாலத்தில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பொதுவாக சூன் முதல் ஆகத்து வரை, 'சீசன்' களைகட்டும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் முதலிய இடங்களில் வெளியூர் மக்கள் திரளாக வந்து நீராடுவர். தலைமேல் விழும் அருவியில் நிற்பவர் எவரும் சிறிதளவு நீரை விழுங்காமல் இருப்பதில்லை. மலையிலிருந்து இறங்கும் சிற்றாறு குற்றாலம், தென்காசி வழியாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான தென்காசி மாவட்டத்தின் தலைநகரும் இவ்வாற்றங்கரையிலேயே உள்ளது.

வெளியூர் சென்று வந்தபின் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் 'அந்த ஊர்த் தண்ணீர் சேரவில்லை' என்று கூறுவது தமிழ் வழக்கு. இதில் ஓர் உண்மை உண்டு. பயணிகளின் வயிற்றுப்போக்குக்கு உலகெங்கும் முதன்மைக் காரணமாக அறியப்பட்டது, நச்சு சுரக்கும் எசரிக்கியா கோலை பாக்டீரியா ஆகும். அதன் நச்சுகளில் ஒன்று காலரா நச்சை மிகவும் ஒத்தது. இக்கிருமி நிலையாகப் பரவியுள்ள ஊர்களில் குழந்தைகள் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் இதனால் நோயுறுகின்றனர். பிறகு நோய் குறைந்துவிடுகிறது. அவர்களின் குடல் அதற்குரிய ஐஜிஏ-வைக் கற்றுக்கொண்டதே இதற்கு ஒரு முக்கியக் காரணம். இக்கிருமியைச் சந்தித்திராத வளர்ந்த பயணி, நோய் எதிர்ப்பைப் பொறுத்தவரை அவ்வூர்க் குழந்தைக்குச் சமமானவர்.

இதிலிருந்து தவறான முடிவுக்கு வருவது எளிது. உள்ளூர்ப் பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நீர் தூய்மையானது என்பதற்குச் சான்றாகாது. அது அவர்கள் முன்பே பயிற்சி பெற்றவர்கள் என்பதை மட்டுமே காட்டும். அப்பயிற்சிக்கான விலையைக் கொடுத்தவர்கள் அவ்வூரின் கைக்குழந்தைகள். அவர்களில் எல்லோரும் பிழைத்து வளர்ந்தவர்கள் அல்லர். அருவியில் குளிப்பதற்கும் அருவி நீரைக் குடிப்பதற்கும் வேறுபாடு உண்டு. குடிநீரைக் கொதிக்கவைப்பது உள்ளூராருக்கும் வெளியூராருக்கும் ஒன்றுபோல் பொருந்தும்.

சென்னை, 1992

கற்ற பாதுகாப்பு எவ்வளவு குறிப்பானது என்பதற்கு 1992இன் பிற்பகுதியில் சென்னையில் தொடங்கிய காலரா ஒரு சான்றாகும். அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலரா அனைத்தும் ஓ1 என்னும் வகைக் கிருமியாலேயே ஏற்பட்டது. சென்னையிலும், தொடர்ந்து வேலூர் முதலிய இடங்களிலும் பிரிக்கப்பட்ட கிருமி ஓ1 அன்று. அறியப்பட்டிருந்த 138 வகைகளில் எதனோடும் அது பொருந்தாததால் ஓ139 என்று எண்ணிடப்பட்டது. 1993இன் தொடக்கத்தில் அது கொல்கத்தாவிலும் வங்காளதேசத்திலும் பெரிதாகப் பரவியது. வங்காள விரிகுடாவை ஒட்டித் தோன்றியமையால் 'பெங்கால்' என்னும் பெயரும் அதற்கு ஏற்பட்டது.

காலரா நிலையாக உள்ள பகுதிகளில் அதற்கு மிகுதியாக ஆட்படுவோர் குழந்தைகள். ஓ139 பரவியபோதோ பெரியவர்களே மிகுதியாக நோயுற்றனர். பின்னர் நடந்த மரபியல் ஆய்வு காரணத்தை விளக்கியது. இது பழைய ஓ1 எல் தோர் கிருமியே. நச்சும் அதே நச்சு. மேற்பரப்பிலுள்ள சருக்கரைச் சங்கிலியை உருவாக்கும் மரபணுக்கள் மட்டும் மாறியிருந்தன. கூடவே ஓர் உறையும் சேர்ந்திருந்தது. பல ஆண்டுகளாக ஓ1 கிருமியின் சருக்கரைச் சங்கிலியைப் பற்றப் பழகிய குடல் ஐஜிஏ, இப்புதிய மேற்பரப்பில் பற்ற இடமின்றி நின்றது. நச்சுக்கு எதிரான பிறபொருளெதிரி மட்டும் போதாது, கிருமியின் மேற்பரப்பைப் பற்றுவதே முதன்மையானது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. பின்வந்த ஆண்டுகளில் ஓ1 மீண்டும் முதலிடம் பெற்றது. ஓ139 பெரும்பாலும் மறைந்தது.

வாய்வழித் தடுப்பு மருந்துகளும் வேலூரும்

ஊசியாகச் செலுத்தப்படும் தடுப்பு மருந்து குருதியில் ஐஜிஜி-யைப் பெருக்கும். குடலில் ஐஜிஏ-வைப் புதிதாகத் தொடங்கிவைப்பதில் அது பொதுவாக வலிமை குன்றியது. 1890களில் வால்டெமார் ஆப்கின் கொல்கத்தாவில் அறிமுகப்படுத்திய காலரா ஊசியின் வழிவந்தவை குறுகிய காலமே பயன் தந்தன. 2006இல் கொல்கத்தாவில் தொடங்கிய ஆய்வில், கொல்லப்பட்ட ஓ1, ஓ139 கிருமிகளைக் கொண்ட வாய்வழி மருந்து இரண்டு தவணைகளில் கொடுக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் அது தந்த பாதுகாப்பு 65 விழுக்காடு.

எனினும் வாய்வழி மருந்து எல்லாக் குடலிலும் ஒன்றுபோல் வேலை செய்வதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் 1972இல், மேலைநாடுகளில் போதுமானதாயிருந்த வாய்வழிப் போலியோ மருந்தின் மூன்று தவணைகள் வேலூர்க் குழந்தைகளில் பலருக்குப் போதவில்லை என்று காட்டினர். அதே கல்லூரியில் செல்வின் பேக்கர், வி. ஐ. மத்தான் ஆகியோர், நோய் அறிகுறி இல்லாத தென்னிந்தியர்களின் குடலிலும் குடல்விரல்கள் குட்டையாகி, மெல்லிய அழற்சி நிலவுவதைப் பதிவுசெய்தனர். ஓயாமல் கிருமிகளைச் சந்திக்கும் குடல் அது. அங்கே ஒரு துளி மருந்தின் செய்தி தனித்துக் கேட்பதில்லை என்பது விளக்கங்களுள் ஒன்று. தாயின் பிறபொருளெதிரிகள், உடனிருக்கும் பிற வைரசுகள், ஊட்டக்குறைவு ஆகியவையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

போலியோ பாக்டீரியாவால் வருவதன்று. ஆயினும் ஐஜிஏ பற்றிய ஒரு முக்கியச் செய்தி அதிலிருந்தே கிடைத்தது. வேலூரில் முன்பே வாய்வழி மருந்து பெற்றிருந்த 1 முதல் 4 அகவையுள்ள 450 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஒரு தவணைப் போலியோ ஊசி போடப்பட்டது. ஒரு மாதம் கழித்து அனைவருக்கும் வாய்வழி மருந்து கொடுத்து, மலத்தில் வைரசு வெளியேறுகிறதா என்று பார்க்கப்பட்டது. 2014இல் வெளியான முடிவின்படி, மூன்றாம் வகை வைரசு ஊசி பெறாதவர்களில் 26 விழுக்காட்டினரிடமும், பெற்றவர்களில் 8 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. முதல் வகையில் இவ்வளவுகள் முறையே 19, 12 ஆக இருந்தன. குடலுக்கு முதற்பாடத்தைச் சொல்லித்தர ஊசியால் இயலாவிட்டாலும், கற்ற பாடத்தை நினைவூட்ட அதனால் இயலும் என்று இது காட்டியது. இந்தியாவின் தடுப்பு மருந்துத் திட்டத்தில் போலியோ ஊசி 2015 நவம்பரில் சேர்க்கப்பட்டது.

குறைபாடு

ஐஜிஏ மட்டும் குறைந்திருத்தல் பிறவி நோய் எதிர்ப்புக் குறைபாடுகளில் மிகவும் பரவலானது. ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 600 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் இது காணப்படுகிறது. ஐஜிஎம் வகை அவ்விடத்தை ஓரளவு நிரப்புவதால் பெரும்பாலோர் எவ்வித அறிகுறியுமின்றி வாழ்கின்றனர். சிலருக்கு அடிக்கடி மூச்சுப்பாதைத் தொற்றும், சியார்டியா என்னும் ஒட்டுண்ணியால் நீடித்த வயிற்றுப்போக்கும், கோதுமைப் புரதத்தால் தூண்டப்படும் சீலியாக் நோயும் ஏற்படுகின்றன. இவர்களுள் சிலரின் குருதியில் ஐஜிஏ-வுக்கே எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதால், பிறர் குருதி ஏற்றப்படும்போது கடும் ஒவ்வாமை நேரக்கூடும். அத்தகையோருக்குக் கழுவிய செவ்வணுக்கள் அல்லது ஐஜிஏ இல்லாத கொடையாளரின் குருதி பயன்படுத்தப்படுகிறது.